அம்மா போனில் சொன்னது

ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு கவுன்டிக்கான அவசர அழைப்பு மென்பொருளில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. அங்கே யாராவது 911-ஐ அழைத்தால், போனை எடுப்பவர் முன்னால் திறக்கும் திரை எங்கள் டீமின் பொறுப்பு. அந்தத் திரையில் 'அழைப்பின் வகை' என்று ஒரு டிராப்-டவுன் இருந்தது. திருட்டு, விபத்து, தீ, தொந்தரவு, சந்தேகத்துக்குரிய நபர், நலம் விசாரித்தல், ஆயுதத்துடன் நபர் என்று நீண்டுகொண்டே போகும். எடுப்பவர் சில வினாடிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எடுத்ததும் முன்னுரிமை எண் தானாக வந்து விழும். எத்தனை வண்டி போகும், சைரன் போட்டுக்கொண்டு போகுமா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது.

டெஸ்டிங்குக்காகக் கற்பனை அழைப்புகளை டைப் செய்துகொண்டிருந்த ஒரு ராத்திரி, என் சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார். அவருக்கு மனச்சிதைவு நோய். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் நடுச்சாமத்தில், கையில் கடப்பாரையோடு தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். யாரோ ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டார்கள். ஏட்டு ஒருவரும் இளம் போலீஸ் ஒருவரும் வந்தார்கள். இறங்கும்போதே டார்ச்சை சித்தப்பாவின் முகத்தில் அடித்தார்கள். சித்தி குறுக்கே ஓடிப்போய், "மூஞ்சில லைட் அடிக்காதீங்கய்யா. அவரு யாரையும் அடிக்க மாட்டாரு, பயந்துபோய்த்தான் கத்துறாரு. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, உக்காந்துருவாரு" என்றார். ஏட்டய்யா டார்ச்சை அணைத்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சம்பவத்தை அப்படியே என் திரையில் போட்டுப் பார்த்தேன். 'ஆயுதத்துடன் நபர்'. முன்னுரிமை ஒன்று. சித்தி சொன்னதைப் போட இடம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. திரையின் அடியில் 'குறிப்புகள்' என்று ஒரு பெட்டி. வண்டி ஓட்டிக்கொண்டு போகும் போலீஸ்காரர் அதைப் படித்தாலும் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். கடப்பாரை டேட்டா ஆகிவிட்டது. சித்தி சொன்னது குறிப்பாக நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

மனநோயாளியின் வீட்டு வாசலுக்கு போலீஸ் ஏன் போகிறது? இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1955-ல் அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் சுமார் 5,59,000 பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் குளோர்ப்ரோமசின் என்ற மாத்திரை அங்கே புழக்கத்துக்கு வந்திருந்தது. மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த மருத்துவமனைகளின் லட்சணமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1963 அக்டோபர் 31-ம் தேதி ஜான் எஃப். கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அவருடைய தங்கை ரோஸ்மேரிக்கு 1941-ல் செய்யப்பட்ட மூளை அறுவை சிகிச்சை அவரை நிரந்தரமாக முடக்கியிருந்தது. இந்த விஷயம் அவருக்கு வெறும் கொள்கை விவகாரமாக இருந்திருக்காது. மூன்று வாரங்களில் கென்னடி கொல்லப்பட்டார்.

1,500 மையங்கள் கட்டுவதாகத் திட்டம். ஏறக்குறைய பாதிதான் எழும்பின. ஆனால் மருத்துவமனைகளைக் காலி செய்யும் வேலை நிற்கவில்லை. 1980 வாக்கில் உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. வெளியே வந்தவர்களில் பலர் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். பலர் தெருவுக்கு வந்தார்கள்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1968 பிப்ரவரி 16-ம் தேதி அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சின்ன ஊரில் முதல் 911 அழைப்பு போனது. சோதனை அழைப்புதான். அன்றைக்கு மணி அடித்த போன் இருந்த இடம் காவல் நிலையம். தீ, ஆம்புலன்ஸ் எல்லாம் அதே எண்ணில் சேர்ந்தன. மனநலத்துக்கென்று எதுவும் சேரவில்லை. மருத்துவமனைக் கதவு திறந்துவிடப்பட்டு, மாற்று ஏற்பாடு பாதியில் நின்றுபோன ஒரு நாட்டில், நடுராத்திரியில் கூப்பிட்டால் எடுப்பதற்கு இருந்த எண் அது ஒன்றுதான். அம்மாக்கள் அதைத்தான் கூப்பிட்டார்கள்.

*

1987 செப்டம்பர், டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரம். ஒரு தாய் 911-ஐ அழைத்தார். அவருடைய 27 வயது மகனுக்கு மனநோய். கையில் கத்தி. தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருக்கிறான். போலீஸ் வந்தது. கத்தியைக் கீழே போடு என்று சத்தம் போட்டது. அவன் போடவில்லை, பதறினான். சுட்டார்கள். உதவிக்கென்று கூப்பிட்ட வீட்டில் மகன் செத்துக் கிடந்தான். இறந்தவர் கறுப்பினத்தவர், சுட்டவர்கள் வெள்ளையர்கள். நகரம் கொதித்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் 1988-ல் மெம்ஃபிஸ் தொடங்கிய நெருக்கடி தலையீட்டுக் குழு. ஆங்கிலச் சுருக்கத்தில் சிஐடி. நம்மூர் சிஐடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சாம் காக்ரன் என்ற போலீஸ் அதிகாரியும் ராண்டால்ஃப் டூபான்ட் என்ற உளவியலாளரும், மனநோயாளிகளின் குடும்பங்களுடைய சங்கத்தோடு சேர்ந்து உருவாக்கியது. தானாக முன்வரும் ரோந்து போலீஸாருக்கு 40 மணி நேரப் பயிற்சி. பயிற்சியில் நோயாளிகளும் குடும்பத்தாரும் நேரில் வந்து பேசுவார்கள். போனை எடுப்பவர்களுக்கும் பயிற்சி உண்டு.

வெளியே அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பகுதியும் அதில் இருந்தது. நகரின் பொது மருத்துவமனை ஒன்று, போலீஸ் கூட்டிவரும் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டது. முன்பெல்லாம் ஒரு மனநோயாளியை மருத்துவமனையில் சேர்க்க போலீஸ்காரர் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜெயிலில் சேர்ப்பது சுலபமாக இருந்தது, அதனால் ஜெயிலில் சேர்த்தார்கள். மெம்ஃபிஸ் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. என் துறையில் இதை டீஃபால்ட் என்போம். மனிதர்கள் பெரும்பாலும் எது சுலபமோ அதைச் செய்வார்கள். நல்லது நடக்க வேண்டுமென்றால் நல்லதைச் சுலபமாக்க வேண்டும்.

இன்று அமெரிக்காவில் 2,700-க்கும் மேற்பட்ட இடங்களில் இந்த முறை இருக்கிறது. ஆனால் இதனால் துப்பாக்கிச் சூடு குறைந்ததா என்று கேட்டால், ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் தயங்குகிறார்கள். போலீஸாரின் அறிவும் மனப்பான்மையும் மேம்படுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. பலப்பிரயோகமும் காயங்களும் குறைகின்றன என்பதற்கு ஆதாரம் பலவீனம். பல ஊர்கள் 40 மணி நேரப் பயிற்சியை எடுத்துக்கொண்டு, மருத்துவமனைக் கதவை விட்டுவிட்டன. அதைவிட அடிப்படையான பிரச்சினை ஒன்று உண்டு. முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று ஒப்பிட, முன்பு யாரும் எண்ணியிருக்கவில்லை.

*

எண்ணிப் பார்த்த ஓர் ஊர் மயாமி. 2000-ம் ஆண்டு ஸ்டீவ் லைஃப்மன் என்ற நீதிபதியின் முன் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஹார்வர்டில் படித்த மனநல மருத்துவர், இப்போது அவருக்கே மனச்சிதைவு. மகனுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். செய்வதாக லைஃப்மன் வாக்குக் கொடுத்தார். பிறகுதான், தன் அதிகாரத்தில் அதற்கு வழியே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

அவர் பிற்பாடு செய்த காரியங்களில் ஒன்று, தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தது. கடுமையான மனநோயோடு எங்கள் நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் யார்? பட்டியலில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். வந்தது 97 பேர். ஐந்து வருடத்தில் அந்த 97 பேரும் சுமார் 2,200 முறை கைதாகி, 27,000 நாட்கள் சிறையிலும் 13,000 நாட்கள் மருத்துவமனைகளிலும் இருந்திருந்தார்கள். வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு இருபத்திரண்டு கைதுகளுக்கு மேல். ஐந்து வருடத்தில் நானூறு நாட்களுக்கு மேல் கம்பிக்குள்ளோ வார்டிலோ. செலவு ஒரு கோடி டாலரைத் தாண்டியது. யாருக்கும் குணமாகவில்லை.

சிறையிடம் ஒரு பட்டியல் இருந்தது, மருத்துவமனைகளிடம் ஒன்று, நீதிமன்றத்திடம் ஒன்று. ஒரே மனிதர் மூன்றிலும் மூன்று எண்ணாக இருந்தார். மூன்றையும் சேர்த்ததும் 97 முகங்கள் தெரிந்தன. எங்கள் பாஷையில் இது ஒரு ஜாயின். கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதைச் செய்ய ஒரு நீதிபதி கேட்க வேண்டியிருந்தது.

மயாமியில் ஆயிரக்கணக்கான போலீஸாருக்கு மெம்ஃபிஸ் பாணிப் பயிற்சி கொடுத்தார்கள். சிகிச்சைக்குத் திருப்பிவிடும் வழிகளைத் திறந்தார்கள். 2010-ஐ ஒட்டித் தொடங்கி எட்டு வருடங்களில், அங்குள்ள இரண்டு பெரிய காவல்துறைகள் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனநல அழைப்புகளுக்குப் போயின. கைதுகள் இருநூறைத் தாண்டவில்லை. சிறையில் கூட்டம் குறைந்து ஒரு சிறைக் கட்டடத்தையே மூடினார்கள்.

*

ஆனால் உயிர் போவது வாசலில், சில வினாடிகளில். அதற்கு முந்தைய சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பதை க்ளீவ்லாந்து எனக்குக் காட்டியது.

2014 நவம்பர் 13. மனநோய் இருந்த 37 வயதுப் பெண் ஒருவருக்கு உதவி வேண்டி குடும்பத்தார் 911-ஐ அழைத்தார்கள். வந்த போலீஸார் அவரைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். அவர் இறந்துபோனார். ஒன்பது நாள் கழித்து, அதே நகரம். பூங்காவில் யாரோ துப்பாக்கியைக் காட்டிக்கொண்டிருப்பதாக ஒருவர் 911-ல் சொன்னார். சொன்னவர், அது பொம்மையாக இருக்கலாம், அவன் சின்னப் பையனாக இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். போனை எடுத்தவர் அதைக் கணினியில் பதியவில்லை. தகவல் அவரிடமிருந்து டிஸ்பாட்சருக்கு, அங்கிருந்து ரேடியோவில் வண்டிக்குப் போனபோது மிஞ்சியது துப்பாக்கி மட்டும். வண்டி வந்து நின்ற இரண்டு வினாடிக்குள் 12 வயதுச் சிறுவன் சுடப்பட்டான். கையில் இருந்தது விளையாட்டுத் துப்பாக்கி.

இரண்டாவது சம்பவம் மனநோய் சம்பந்தப்பட்டது இல்லை. ஆனாலும் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. சரியான தகவல் வந்து சேர்ந்துவிட்டது. தவறவிட்டது நடுவில். அந்த டிராப்-டவுனை எழுதியவன் என்ற முறையில் இந்தச் சம்பவத்தை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. பிற்பாடு மத்திய அரசோடு க்ளீவ்லாந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மனநெருக்கடிச் சம்பவங்கள் ஒவ்வொன்றையும் பற்றிய தரவைச் சேகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இடம்பெற்றது.

நாடு முழுவதும் இப்படி எத்தனை பேர் இறக்கிறார்கள்? போலீஸ் பலப்பிரயோகத்தைப் பற்றிய தரவை மத்திய அரசு திரட்ட வேண்டும் என்று 1994-லேயே சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே சுமார் 18,000 காவல் அமைப்புகள். அவை தகவல் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபெர்குசன் நகரில் 2014-ல் நடந்த கொலைக்குப் பிறகு, வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2015-ல் ஒவ்வொரு போலீஸ் துப்பாக்கிச் சூட்டு மரணத்தையும் தானே எண்ணத் தொடங்கியது. உள்ளூர்ச் செய்திகள், போலீஸ் அறிக்கைகள் என்று தேடித் தேடி ஒரு டேபிள். முதல் வருடக் கணக்கு ஆயிரத்தை ஒட்டி வந்தது. எஃப்.பி.ஐ. வருடாவருடம் சொல்லிவந்த எண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தன் துறையைவிடப் பத்திரிகைகளிடம் நல்ல கணக்கு இருப்பது வெட்கக்கேடு என்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமியே சொல்லும்படி ஆயிற்று.

அந்த டேபிளில் ஒரு காலம், இறந்தவரிடம் மனநோய்க்கான அறிகுறி இருந்ததா என்பது. முதல் வருடத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு 'ஆம்'. அடுத்து வந்த வருடங்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். சிறையிலும் மருத்துவமனையிலும் தனித்தனி எண்களாகக் கிடந்த விஷயம், ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஒரே காலத்தில் வந்து நின்றது. எஃப்.பி.ஐ. 2019-ல் தன் சொந்தத் தரவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதிலும் பங்கேற்பது விருப்பம்தான்.

*

எண்ணத் தொடங்கினால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஆரகான் மாநிலத்தின் யூஜீன் நகரம் ஒரு பாடம். கஹூட்ஸ் என்ற சேவை 1989-ல் அங்கே தொடங்கியது. ஒரு வேன், மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவர், மனநெருக்கடியைக் கையாளத் தெரிந்த ஒருவர். துப்பாக்கி கிடையாது. 911 மையமே அவர்களை அனுப்பும். 2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு நாடே யூஜீனைத் திரும்பிப் பார்த்தது. நகரத்தின் அழைப்புகளில் 17 சதவீதத்தை இவர்களே முடித்துவிடுகிறார்கள் என்று எல்லாக் கட்டுரைகளும் எழுதின.

யூஜீன் போலீஸின் பகுப்பாய்வுப் பிரிவு அதே தரவை எடுத்துப் பார்த்தது. கஹூட்ஸ் போகும் இடங்களில் பல, போலீஸ் எப்படியும் போகாத இடங்கள். குளிரில் நிற்பவரை விடுதியில் கொண்டுபோய் விடுவது, ஒருவர் சுகமாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவது போன்றவை. போலீஸிடமிருந்து உண்மையில் திருப்பிவிடப்பட்டவை 5 முதல் 8 சதவீதம்தான் என்றது அவர்கள் கணக்கு. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. 'திருப்பிவிடுதல்' என்றால் என்ன என்பதில்தான் வித்தியாசம்.

எனக்கு இதில் போலீஸின் கணக்கு சரியென்றே படுகிறது. ஆனால் போலீஸே போகாத வீட்டுக்கு ஒருவர் போய் விசாரித்துவிட்டு வருவது, அந்த வீட்டில் அடுத்த மாதம் கத்தி எடுக்கப்படாமல் இருக்கக் காரணமாகலாம். நடக்காமல் போன ஒரு விஷயத்துக்கு டேபிளில் வரிசை கிடையாது. பணப் பிரச்சினை முற்றி, 2025 ஏப்ரலில் கஹூட்ஸ் யூஜீனில் நின்றுபோனது.

டென்வர் நகரம் இன்னும் கவனமாக அளந்தது. 2020 ஜூனில் அங்கே இதே மாதிரியான ஸ்டார் என்ற சேவை சில பகுதிகளில் தொடங்கியது. முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகள், ஒரு கைதுகூட இல்லை. சேவை இருந்த பகுதிகளையும் இல்லாத பகுதிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது. அத்துமீறி நுழைதல், பொது இடத்தில் தொந்தரவு மாதிரியான சிறு குற்றப் பதிவுகள் 34 சதவீதம் குறைந்திருந்தன.

டேட்டா நல்லது என்று மட்டும் சொல்லி முடித்தால் அது என் துறைக்காரனின் விளம்பரமாகிவிடும். கனடாவின் டொராண்டோ போலீஸ், தற்கொலை முயற்சி சம்பந்தமாகத் தாங்கள் போன ஒவ்வொரு அழைப்பையும் நாடு தழுவிய போலீஸ் தரவுத்தளத்தில் தானாக ஏற்றிவந்தது. அந்தத் தரவுத்தளத்தை அமெரிக்க எல்லை அதிகாரிகளும் பார்க்க முடியும். விமானமேறப் போன கனடியர்கள் சிலர், உங்களுக்கு மனநலப் பிரச்சினை இருந்திருக்கிறதே என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒன்டாரியோவின் தகவல் ஆணையராக இருந்த ஆன் கவூக்கியன் 2014-ல் இதை விசாரித்துக் கண்டித்தார். தற்கொலைக்கு முயன்ற ராத்திரியில் உதவிக்கு வந்தவர்களின் பதிவு, ஏர்போர்ட்டில் குற்றப்பத்திரிகை மாதிரி வந்து நின்றிருக்கிறது. இது தெரிந்த பிறகு எந்த அம்மா போன் செய்வார்?

சித்தி சொன்னது வாசலில் நின்ற ஏட்டய்யாவுக்குத் தேவையான தகவல். அந்த ராத்திரிக்குத் தேவையான தகவல். இருபது வருடம் கழித்து என் தம்பிக்குப் பெண் பார்க்கும்போது ஒரு கணினியிலிருந்து அது எட்டிப்பார்க்கக் கூடாது. யாருக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதாமல் ஒரு டேட்டாபேஸில் காலம் சேர்ப்பது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அப்போது தெரியாது.

*

2022 ஜூலை 16-ம் தேதி அமெரிக்காவில் மனநெருக்கடிக்கென்று 988 என்ற தனி எண் வந்தது. ஹேலிவில்லில் அந்த முதல் மணி அடித்து ஐம்பத்து நான்கு வருடம் கழித்து. வந்த புதிதில் அதிலும் ஒரு சிக்கல். மொபைலிலிருந்து கூப்பிட்டால் அழைப்பு, ஆள் நிற்கும் ஊருக்குப் போகாமல், போன் நம்பரின் ஏரியா கோடு எந்த ஊரோ அங்கே போகும். அலபாமாவில் சிம் வாங்கி ஆரகானில் படிக்கப்போன பெண் அழுதுகொண்டே கூப்பிட்டால், எடுப்பவர் அலபாமாவில் இருப்பார். ஆரகானில் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 2024-ல்தான் பெரிய மொபைல் நிறுவனங்கள், ஆள் இருக்கும் பகுதிக்கு அழைப்பைத் திருப்பத் தொடங்கின. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பெயர் தெரியாத ஏதோ ஒரு டீம் உட்கார்ந்து இதைச் சரி செய்திருக்கிறது.

நான் அந்த ப்ராஜெக்டில் இருந்தபோது ஒரே ஒரு யோசனை சொன்னேன். அடியில் கிடக்கும் 'குறிப்புகள்' பெட்டியை வகைக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படுகிற இடத்தில் வைக்கலாமே என்று. கிளையண்டிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நான் வேறு ப்ராஜெக்டுக்கு மாறும்வரை பதில் வரவில்லை.

சித்தப்பா போன வருடம் தூக்கத்திலேயே இறந்துபோனார், எழுபத்தோரு வயதில். காரியம் முடிந்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அந்த ராத்திரியைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த ஏட்டய்யா அன்றைக்கு நீங்கள் சொன்னதைக் கேட்டாரே, எப்படி என்று சித்தியிடம் கேட்டேன்.

"அவரு வீட்லயும் யாருக்காச்சும் இருந்திருக்கும்" என்றார் சித்தி.